கம்பளத்து மையும் காவலரின் அறிக்கையும்

அனுப்புநர்:
ச. மலிகா (வயது 53),
க/பெ. காலஞ்சென்ற சதக்கத்துல்லா,
கதவு எண் 41, நடுத்தெரு,
கப்பலடிப்பட்டினம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: பாஸ்போர்ட் விசாரணைக்கு என் வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் இருந்து, கம்பளத்தில் கொட்டிய மையை என்னோடு சேர்ந்து துடைத்துவிட்டுப் போன காவலர், "மனுதாரர் வீட்டில் இல்லை" என்று அறிக்கை அனுப்பியது – அந்த அறிக்கையை ரத்து செய்து மறுவிசாரணை நடத்தக் கோருவது – தொடர்பாக.

பார்வை: பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து என் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தி, நாள் 24.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை நானே எழுதியிருக்கிறேன். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுப்பவரிடம் ஆள் அனுப்பி முதலில் ஒன்று எழுதி வாங்கினேன். அதில் 'தாழ்மையுடன்' என்ற சொல் ஆறு இடத்தில் இருந்தது. நடந்த விஷயம் ஒரு இடத்திலும் இல்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். தங்கள் பதவிக்கு உரிய மரியாதையில் நான் குறை வைக்கமாட்டேன். சொல்ல வேண்டியதிலும் குறை வைக்கப் போவதில்லை.

1. நான் பிறந்தது நடுத்தெருவில். மணமுடித்து வாழ்ந்ததும் அதே நடுத்தெருவில். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். 41ஆம் எண் வீட்டை என் நிக்காஹின்போது வாப்பா என் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, குடும்ப அட்டை எல்லாம் என் பெயரில்தான் இருக்கின்றன. என் கணவர் இருபத்திரண்டு வருடம் குவைத்தில் வேலை பார்த்தார். அவர் போனார், வந்தார். நான் இங்கேயே இருந்தேன். இந்த மாவட்டத்தின் எல்லையை நான் தாண்டியது எண்ணி நான்கு முறை. ஆகவே பாஸ்போர்ட் எடுக்க வேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை.

2. இப்போது வந்திருக்கிறது. என் ஒரே மகள் லாமியா, மருமகன் இர்பானுடன் சவுதியில், தம்மாமில் இருக்கிறாள். இரண்டு கர்ப்பம் ஆறாம் மாதத்தில் கலைந்துபோயின. இது மூன்றாவது. முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. ஆனால் விமானம் ஏறவே கூடாது, கட்டிலைவிட்டு இறங்குவதையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அங்குள்ள மருத்துவர் சொல்லிவிட்டார். பிரசவத்துக்கு ஆகஸ்ட் 20 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். அவள் வர முடியாது என்றால் நான் போக வேண்டும். மருமகன் பன்னிரண்டு மணி நேர வேலைக்குக் கிளம்பிவிட்டால், அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. இதை எழுதும்போது எனக்குள் இருப்பது பாதி கோபம், பாதி பயம்.

3. 28.05.2025 அன்று பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நேரில் போய் விண்ணப்பித்தேன். 12.06.2025 வியாழக்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த ஐந்தாம் நாள், காலை பதினொன்றே கால் மணிக்கு எங்கள் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து முதல்நிலைக் காவலர் திரு. சூர்யா விசாரணைக்கு வந்தார். வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. பத்தொன்பது வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்யும் இராமலட்சுமி கதவைத் திறந்து, அவரை முன்கூடத்தில் உட்கார வைத்து, மின்விசிறியைப் போட்டாள். முன்கூடம் முழுவதும் விரித்துக் கிடப்பதுதான் இந்த மனுவில் வரும் கம்பளம். சந்தன நிறம், சிவப்புக் கரை. என் கணவர் கடைசியாக ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் யாரிடமும் கொடுக்காமல் தானே தோளில் சுமந்து வந்தது. அவர் மௌத்தாகி ஏழு வருடம் ஆகிறது.

4. எங்கள் பகுதி வழக்கம் தங்களுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாவிட்டால் சொல்கிறேன். வெளி ஆண்கள் வந்தால் வீட்டுப் பெண் திரைக்கு உள்ளே நின்று பேசுவாள். முன்கூடத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவே, தரையிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டுத் திரை தொங்கும். கொடுக்க வேண்டியதைத் தட்டில் வைத்து அந்த ஒரு சாண் வழியாகத் தள்ளுவோம். வாங்க வேண்டியதும் அதே வழியாக வரும். சிலிண்டர் ரசீது முதல் கல்யாணப் பத்திரிகை வரை அப்படித்தான். அதனால் இதுவரை எங்களுக்கு எந்தக் காரியமும் நின்றுபோனதில்லை.

காவலர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உள்ளிருந்து பதில் சொன்னேன். ஆதார் அட்டையைத் தட்டில் வைத்து அனுப்பினேன். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பெண் காவலரை அழைத்து வரச் சொன்னேன். அவர், "லேடீஸெல்லாம் பந்தோபஸ்துக்குப் போயிட்டாங்கம்மா. டேப்லயும் சிக்னல் இல்ல. பேப்பர்ல ஒரு கைநாட்டு வச்சிருங்க, போதும்" என்றார். நான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். "பரவால்லம்மா, கைநாட்டே வையிங்க" என்றார். திரைக்கு உள்ளே இருப்பவளுக்கு எழுத்துத் தெரியாது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். நான் பத்தாம் வகுப்புத் தேறியவள். தமிழும் அரபும் எழுதுவேன்.

5. அவர் கொண்டுவந்த ஸ்டாம்ப் பேடு காய்ந்து கிடந்திருக்கிறது. பையிலிருந்து ஊதா மை பாட்டிலை எடுத்து, திறந்து, பேடில் ஊற்றியிருக்கிறார். பிறகு பேடு, படிவம், மூடி போடாத பாட்டில் மூன்றையும் ஒன்றாகத் திரைக்கு அடியில் உள்ளே நகர்த்தியிருக்கிறார். அதே நேரத்தில், வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக்கூடாதே என்று, தேநீரும் பெருநாளுக்குக் கிண்டிய தொதல் அல்வாவும் வைத்த தட்டை நான் உள்ளிருந்து வெளியே தள்ளினேன். அவர் தள்ளியது எனக்குத் தெரியாது. நான் தள்ளியது அவருக்குத் தெரியாது. தட்டு போய் பாட்டிலை இடித்தது. மை முழுவதும் கம்பளத்தில் கவிழ்ந்தது.

இதில் யார் தவறு எவ்வளவு என்று தங்களிடம் நியாயம் கேட்க வரவில்லை. தட்டைத் தள்ளியவள் நான்; பாட்டிலைத் திறந்து வைத்தவர் அவர். கம்பளத்துக்காக எனக்கு எந்த நஷ்டஈடும் வேண்டாம்.

6. இராமலட்சுமி "ஐயையோ, போச்சே!" என்று கத்தினாள். காவலர் பதறிப்போய்த் தன் கைக்குட்டையால் மையைத் தேய்க்க ஆரம்பித்தார். அந்தக் கை அழுத்தித் தேய்ப்பது திரைக்கு அடியில் எனக்குத் தெரிந்தது. மையை ஒற்றித்தான் எடுக்க வேண்டும். தேய்த்தால் நூலுக்குள் இறங்கி அகலமாகப் பரவும். கம்பளம் வைத்திருக்கும் வீட்டில் இது தெரியாதவர் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு வழக்கமும் நினைவுக்கு வரவில்லை, வந்திருப்பவர் சர்க்கார் ஆள் என்பதும் நினைவுக்கு வரவில்லை. திரையை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். "ஏலே, தேய்க்காதலே! கையை எடுலே!" என்று சத்தம் போட்டேன். அரசு ஊழியரை 'ஏலே' என்றது தவறு. அதற்கு இந்த மனுவிலேயே வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். வேறு எதற்கும் வருத்தம் கிடையாது.

7. அதன் பிறகு முக்கால் மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் அந்தக் கம்பளத்தின் மேல்தான் இருந்தோம். என் கணவரின் பழைய பருத்திக் கைலியைக் கிழித்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றினோம். ஈரம் இழுக்கட்டும் என்று கல் உப்பைக் குவித்தோம். உப்பு ஊதா நிறமாக ஆனதும் வாரிப்போட்டுவிட்டு, ஆறின பாலில் துணியை நனைத்து மறுபடியும் ஒற்றினோம். கம்பளத்தின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தவர் திரு. சூர்யா. பால் கிண்ணத்தை ஏந்தியவரும் அவரே. சொன்னபடி செய்தார் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "எங்க ஊருல சட்டையில மை பட்டா உப்புதாம்மா போடுவாக" என்று பேச்சும் கொடுத்தார். எழுந்திருக்கும்போது நனைந்த இடத்தில் வலது கையை ஊன்றிவிட்டார். ஐந்து விரலும் சிவப்புக் கரைக்குப் பக்கத்தில் அப்படியே விழுந்திருக்கின்றன. கைநாட்டு வாங்க வந்தவர் என் வீட்டில் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

8. பிறகு ஆறிப்போன தேநீரைக் குடித்தார். விண்ணப்பத்தில் இருந்த புகைப்படத்தையும் என் முகத்தையும் பார்த்தார். "போட்டோல இருக்க மாதிரியேதாம்மா இருக்கீக" என்றார். படிவம் மையில் ஊறிக் கிடந்தது. மை படாமல் மிஞ்சிய ஒரு மூலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "நல்லா எழுதுறீகளேம்மா!" என்று ஆச்சரியப்பட்டார். படிவத்தை ஒரு பாலிதீன் பையில் மடித்து வைத்துக்கொண்டு, பன்னிரண்டே கால் மணிக்குப் புறப்பட்டார். வாசலில் நின்று, "கவலப்படாதீகம்மா, ஒரு வாரத்துல வந்துரும்" என்று சொன்னார். நானும் நம்பினேன்.

9. 24.06.2025 அன்று, போலீஸ் அறிக்கை பாதகமாக இருப்பதால் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று குறுஞ்செய்தி வந்தது. என் கணவரின் சகோதரி மகன் ஹமீது சுல்தான் எங்கள் ஊரில் டிராவல்ஸ் நடத்துகிறார். அவர் விசாரித்துச் சொன்ன பிறகுதான் அறிக்கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. "பலமுறை சென்றும் மனுதாரர் வீட்டில் இல்லை. இம்முகவரியில் வசிப்பதாகத் தெரியவில்லை."

பலமுறையாம்! ஒரு முறை வந்ததற்கே என் வீட்டில் இத்தனை நடந்தது. பலமுறை வந்திருந்தால் நான் எந்தத் தரையில் உட்கார்ந்திருப்பேனோ தெரியாது.

10. ஏன் இப்படி எழுதினார் என்பதும் எனக்குத் தெரியும். ஹமீது சுல்தானிடம் அவரே சொல்லியிருக்கிறார்: "ஃபார்ம் பூரா மையாயிருச்சுண்ணே. இன்ஸ்பெக்டர்ட்ட கொண்டுபோனா, என்னலே பண்ணுனன்னு கேப்பாரு. ஒரு பொம்பள வீட்டுல முட்டி போட்டுக் கார்ப்பெட் தொடச்சேன்னு எப்புடிச் சொல்றது? ஆள் இல்லன்னு எழுதிட்டேன், திரும்ப மனு போட்டா சரியாப் போயிரும்ல."

அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது, சரி. அந்த வெட்கத்தை மறைக்க என்னை என் வீட்டிலிருந்தே எடுத்துப் போட்டுவிட்டார். ஒரு தாள் நனைந்துபோனதற்காக என் மகள் தனியாகக் கிடக்க வேண்டுமா?

11. கடந்த 30ஆம் தேதி மதியம் ஹமீது சுல்தான் ஒரு தட்டச்சு செய்த கடிதத்தோடு வந்தார். "மேற்கண்ட நாளில் நான் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்ததால் வீட்டில் இல்லை. மறுவிசாரணை செய்து உதவவும்" என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் மூன்று நாளில் நல்ல அறிக்கை போய்விடுமாம். கூடவே, கம்பளத்தை மதுரைக்கு எடுத்துப்போய்ச் சலவை செய்து கொண்டுவர ஒரு வண்டியும் வாசலில் நின்றது. காவலரின் ஏற்பாடு. "மாமி, ஒரு கையெழுத்துதானே? கறையும் போயிரும், காரியமும் முடிஞ்சிரும்" என்றார் ஹமீது சுல்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் போய்ச் சேர வேண்டும் என்றுதான் சொன்னார்.

வண்டியைத் திருப்பி அனுப்பினேன். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன், கையெழுத்துப் போடவில்லை. எதிர்வீட்டு சூஃபியாவுக்கும் போன வருடம் இதே போலத் திரைக்கு வெளியே வராததால் 'ஆள் இல்லை' என்று அறிக்கை போயிருக்கிறது. அவள் இதே மாதிரிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். பாஸ்போர்ட் வந்து சேர்ந்தபோது அவளோடு மக்காவுக்கு உம்ரா போக வேண்டிய கூட்டம் போய்த் திரும்பியே வந்துவிட்டது. "நான் வாயை மூடிட்டேன் ராத்தா, நீங்களாச்சும் கேளுங்க" என்றாள். தப்பு செய்தவர்கள் அவர்கள், மன்னிப்புக் கடிதம் எழுதுவது நாங்கள். இது எந்த ஊர் நியாயம்?

12. இனி கம்பளத்தைப் பற்றி. ஊரில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருத்தி ஷேவிங் நுரை என்றாள், ஒருத்தி பற்பசை என்றாள், ஒருத்தி தலைக்கு அடிக்கும் ஸ்பிரேயையே கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குப் பலன் கொடுத்தது மருந்துக்கடையில் ஊசி போடும் இடத்தைத் துடைக்க விற்கும் ஸ்பிரிட். பஞ்சில் நனைத்து வைத்து, மேலே வெள்ளைத் துணியால் அழுத்தி, துணி மையை வாங்கியதும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஜூன் 13 முதல் 23 வரை தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அதே வேலை. வெளிவட்டம் முழுவதும் போய்விட்டது. நடுவில் ஒரு தட்டு அளவும், அந்த ஐந்து விரலும்தான் பாக்கி.

24ஆம் தேதி குறுஞ்செய்தியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். மிச்சத்தை எடுக்க எனக்குத் தெரியும். இரண்டு சாயங்காலம் போதும். எடுக்கமாட்டேன். அதன் மேல் யாரும் நடக்காமல் நாற்காலி போட்டு மறித்து வைத்திருக்கிறேன். ஆள் இல்லாத வீட்டுக்குள் அந்தக் கை எப்படி வந்தது என்று தங்கள் துறை வந்து பார்த்துச் சொல்லட்டும்.

13. என் மகளிடமும் இதை மறைக்கவில்லை. கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னதும் அழுதாள். "உம்மா, உங்க ரோசம் பெருசா, நான் பெருசா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். இரண்டு நாளாகப் பேசவில்லை. ஐயா, அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். அவள்தான் பெரிது. அவளைவிட இந்த உலகத்தில் எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு என் வீட்டில் நான் இல்லை என்று இன்றைக்கு நானே எழுதிக் கொடுத்தால், நாளைக்கு விசாவிலோ விமான நிலையத்திலோ ஒருவர் அதை எடுத்து வைத்துக்கொண்டு, நீ எழுதியதுதானே என்று கேட்டால் என்ன சொல்வேன்? பிள்ளை பெறப்போகிறவளிடம் பொய்யின் மேல் ஏறிப் போய்ச் சேர எனக்குத் தைரியம் இல்லை. உண்மையைச் சொல்லிப் போகத்தான் தைரியம் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது:

அ) 12.06.2025 விசாரணை தொடர்பாக அனுப்பிய அறிக்கை தவறானது என்று எழுத்துமூலம் ரத்து செய்ய வேண்டும். 'கூடுதல் விசாரணை' என்று பூசி மெழுக வேண்டாம்.

ஆ) ஒரு வாரத்துக்குள் மறுவிசாரணைக்கு ஆள் அனுப்ப வேண்டும். பெண் காவலர்தான் வர வேண்டும் என்று இனி கேட்கமாட்டேன். யார் வந்தாலும் நேருக்கு நேர் நின்று பதில் சொல்வேன். ஆனால் பெண்கள் திரைக்கு உள்ளே நின்று பேசும் மற்ற வீடுகளுக்குப் பெண் காவலரை அனுப்பும்படி எங்கள் ஊர் நிலையத்துக்கு உத்தரவிட வேண்டும். வழக்கம் வைத்திருப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். அதைக் காரணம் காட்டி ஆளே இல்லை என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை.

இ) திரு. சூர்யாவின் வேலைக்கு நான் குறி வைக்கவில்லை. அவர் வீட்டிலும் ஒரு அம்மா இருப்பார். எழுதிய பொய்யை அவர் கையாலேயே அடித்து, நடந்ததை அவர் கையாலேயே எழுத வேண்டும். அவ்வளவுதான். கம்பளம் துடைத்ததில் கேவலம் ஒன்றும் இல்லை.

16.07.2025 புதன்கிழமைக்குள் பதில் வராவிட்டால், அன்றைய குறைதீர் நாளில் நான் நேரில் வருவேன். கம்பளத்தைச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றி இராமலட்சுமியோடு வந்து, தங்கள் அலுவலக வாசலில் விரித்து உட்காருவேன். எழுந்திருக்கச் சொல்பவர்கள் முதலில் அந்த விரல்களுக்குப் பதில் சொல்லிவிட்டுச் சொல்லட்டும். ஆகஸ்ட் 20க்கு இன்னும் நாற்பத்து நான்கு நாள் இருக்கிறது. பிள்ளை எந்தக் காவல் நிலையத்து அறிக்கைக்கும் காத்திருக்காது.

வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களையும் கம்பளத்தின் மூன்று புகைப்படங்களையும் இணைத்துள்ளேன். ஹமீது சுல்தான் கொண்டுவந்த கடிதத்தையும் இணைத்துள்ளேன். அதில் 'வீட்டில் இல்லை' என்ற வரியை அடித்து, அதற்கு மேல் என் கையால் எழுதி, பக்கத்தில் முழுப்பெயர் போட்டிருக்கிறேன். தாங்கள் வேறு எதையும் படிக்காவிட்டாலும் அந்த ஒரு வரியைப் படிக்க வேண்டும்: நான் வீட்டில்தான் இருந்தேன்.

இடம்: கப்பலடிப்பட்டினம்
நாள்: 07.07.2025

இப்படிக்கு,
ச. மலிகா
(என் கையெழுத்து)